வயர் கழன்ற நேரங்கள்

தோலில் ஒட்டியதை உரிப்பதற்கு ஒரு பக்குவம் இருக்கிறது சார். உங்கள் ஸ்டேஷன் எழுத்தர் விரலில் பிளாஸ்திரி போட்டிருக்கிறாரே, அதைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. வெடுக்கென்று இழுத்தால் தோல் கன்றிப்போகும். பயந்து பயந்து உரித்தால் அதைவிட வலி. ஒரு விரலால் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பிளாஸ்திரியை அதன் மேலேயே மடித்து மடித்துக் கொண்டுவர வேண்டும். இருபத்தாறு வருடமாக இதைச் செய்கிறேன். ஒருவர்கூட முகம் சுளித்ததில்லை.

எங்கள் கிளினிக்கில் நெஞ்சுக்கான எல்லாப் பரிசோதனையும் நான்தான். டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். மற்ற நாட்களில் நானும், கருப்புத் திரை போட்ட ஸ்கேன் அறையும், வாசலில் டோக்கன் கொடுக்கும் பெண்ணும் மட்டும்தான். ஸ்கேன் எடுத்து அளவு குறிப்பது ஒரு வேலை. இன்னொன்று இந்த இருபத்துநாலு மணி நேர ரெக்கார்டர். சின்னச் சோப்பு டப்பா அளவு இருக்கும். நெஞ்சில் ஐந்து இடத்தில் வயர் ஒட்டி, இடுப்பில் மாட்டி அனுப்புவோம். மறுநாள் கொண்டுவந்து கொடுப்பார்கள். கூடவே ஒரு தாள் கொடுப்போம். எத்தனை மணிக்கு என்ன செய்தேன், எப்போது தலை சுற்றியது என்று அதில் எழுத வேண்டும். பாதிப்பேர் எழுதுவதே இல்லை.

ரெக்கார்டரில் ஒரு நாளைக்கு லட்சம் துடிப்பு பதிவாகும். அதை யாரும் முழுதாகப் பார்க்க முடியாது. கம்ப்யூட்டர் சந்தேகமான இடங்களைக் காட்டும். நான் ஒவ்வொன்றாகப் பார்த்து, இது நிஜம், இது வயர் கழன்றது, இது ஆள் சொறிந்துகொண்டது என்று குறிப்பேன். நிஜமில்லை என்று குறித்தது கணக்கிலிருந்து போய்விடும். இதை நாங்கள் ‘சுத்தம் பண்றது’ என்போம். மிச்சம் இருப்பதுதான் டாக்டர் மேஜைக்குப் போகும். ஐந்து வயருக்கும் சேர்த்துத் திரையில் மூன்று கோடு ஓடும். வயர் கழன்றால் கோடு கிறுக்கும், எகிறும், ஒரு கோடு செத்தாலும் மற்ற கோடுகள் ஓடும். நெஞ்சே நின்றால் மூன்று கோடும் ஒரே நேரத்தில் அமைதியாகிவிடும். பார்த்துப் பழகியவளுக்கு இரண்டையும் பிரிக்க அரை நொடி போதும். “நீங்க சுத்தம் பண்ணினதுன்னா நான் கண்ண மூடிக்கிட்டு கையெழுத்துப் போடுவேன்” என்று டாக்டர் எல்லார் முன்னாலும் சொல்வார். எனக்கு அதில் பெருமைதான், மறைக்க என்ன இருக்கிறது.

என் தங்கையைப் பற்றிக் கேட்டீர்கள். வீட்டில் அவளைச் ‘சின்னது’ என்றுதான் கூப்பிடுவோம். அப்பா நான் பார்க்காமலே போனவர் மாதிரிதான், ஊர் ஊராக வேலை. அம்மா போகும்போது எனக்கு இருபது, சின்னதுக்குப் பதினொன்று. ஒன்பது வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவள் நெஞ்சில் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து உட்கார்ந்துதான் நான் இந்த வேலைக்கே வந்தேன். எனக்குக் கல்யாணப் பேச்சு இரண்டு தடவை வந்தது. தங்கையும் கூட வருவாள் என்றேன். இரண்டு பேரும் அப்புறம் போன் எடுக்கவில்லை. அதனால் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் பேருந்து நிலையத்தில் தொலைந்த பொருட்கள் கவுண்டரில் வேலை பார்த்தாள். வாய் ஓயாது. சாயங்காலம் வந்தால் அன்றைக்கு யார் எதைத் தொலைத்தார்கள் என்று ஒரு மணி நேரம் கதை நடக்கும். “அக்கா, இன்னிக்கு ஒருத்தர் பல்செட்ட தேடி வந்தாரு. எடுத்துக் குடுத்தா, போட்டுப் பாத்துட்டு இது என்னுது இல்லங்கறாரு” என்பாள். நான் சிரித்துச் சிரித்து எனக்கே நெஞ்சு வலிக்கும். உட்கார்ந்த இடத்தில் உட்கார மாட்டாள். ஸ்கேன் எடுக்கும்போதுகூட ஜெல்லி பட்டதும் நெளிவாள். “அசையாதடி” என்று நான் சொல்லாத நாளில்லை.

வியாதியை உங்களுக்குப் புரிகிற மாதிரிச் சொல்கிறேன். அவளுடைய வால்வு சரியாக மூடாது. குழாயை மூடின பிறகும் சொட்டுமே, அப்படி ரத்தம் பின்னால் கசியும். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் எவ்வளவு நேரம் விடுகிறோமோ அவ்வளவு கசியும். அதனால் இந்த மாதிரி நோயாளிக்கு நெஞ்சு மெதுவாகத் துடிப்பது ஆகாது. கசிந்து கசிந்து இதயம் பெரிதாகும். சுருங்கும்போது அதன் அகலம் ஐம்பது மில்லிமீட்டரைத் தொட்டுவிட்டால் வால்வை மாற்றிவிட வேண்டும் என்று டாக்டர் எங்கள் இரண்டு பேரிடமும் சொல்லியிருந்தார். தள்ளிப்போட்டால் இதயம் திரும்பப் பழைய நிலைக்கு வராது. சரியான நேரத்தில் செய்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் நன்றாகிவிடுவார்கள்.

மீதி மூன்று பேர். யாருமே அந்த மூன்று பேரைப் பற்றிப் பேசுவதில்லை சார். நான் அவர்களைத்தான் நினைத்தேன். என் கையில் வளர்ந்தவளை அந்த மூன்றில் ஒன்றாக எப்படிக் கொடுப்பேன், நீங்களே சொல்லுங்கள்.

நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை ஐம்பத்தொன்று வந்தது. திரையில் இரண்டு கூட்டல் குறி இருக்கும். ஒன்றை இந்தச் சுவரிலும் ஒன்றை அந்தச் சுவரிலும் வைத்தால் நடுவில் உள்ள தூரத்தை மெஷின் சொல்லும். குறியைச் சுவருக்குக் கொஞ்சம் உள்ளே வைத்தால் அளவு கொஞ்சம் குறையும். மூன்று மில்லிமீட்டர் என்பது ஒரு அரிசியின் பாதி. நாற்பத்தெட்டு என்று வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, “பரவால்ல, ஆறு மாசம் கழிச்சுப் பாப்போம்” என்றார். சின்னது முகம் தொங்கிவிட்டது. வெளியே வந்து, “இன்னும் காத்திருக்கணுமா அக்கா” என்றாள். நல்ல செய்திக்கு யாராவது இப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்களா. எனக்கு எரிச்சலாக வந்தது.

அவள் ஏன் காத்திருந்தாள் என்றால், கண்ணாடிக்காரர் என்று ஒருவர். ஜன்னல்களுக்குக் கண்ணாடி வெட்டிப் பொருத்துகிறவர். எங்கள் சமையலறை ஜன்னல் உடைந்தபோது வந்தவர், அப்புறம் உடையாதபோதும் வந்தார். தங்கமான மனிதர், குறை சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே வருமுன் செருப்பைக்கூட ஜோடியாகத்தான் கழற்றி வைப்பார். ஆபரேஷன் முடிந்து உடம்பு தேறினதும் கல்யாணம், அப்புறம் அவருடைய ஊர் என்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தார்கள். அதை என்னிடம் சொன்னது, அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின ஞாயிறு. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நீங்கள் தேதி கேட்டதால் சொல்கிறேன்.

பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. ஐம்பத்துமூன்று. ஐம்பத்தைந்து. ஐம்பத்தெட்டு. நான் நாற்பத்தெட்டு, நாற்பத்தெட்டு என்று போட்டுவந்தேன். ஒரு தடவை நாற்பத்தொன்பது போட்டேன். ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் பார்க்கிறவருக்கு நம்பிக்கை போய்விடும். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று டாக்டர் கேட்பார். “எங்க சார், குதிச்சுக்கிட்டு ஓடறா” என்று நான்தான் சொல்வேன். அவளுக்கு டாக்டர் முன்னால் பேச வராது. ஊருக்கெல்லாம் வாய் கிழியும், அங்கே மட்டும் என் முகத்தைப் பார்ப்பாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுக்குப் படபடப்பு வர ஆரம்பித்தது. டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். அது நெஞ்சை மெதுவாக்கும் மாத்திரை. எழுதும்போதே என்னைப் பார்த்து, “கசியற வால்வுக்கு மெதுவான துடிப்பு ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியும். தினமும் நாடி பாருங்க. அறுபதுக்குக் கீழ வந்தா நிறுத்திட்டு எனக்குச் சொல்லுங்க. ரெக்கார்டர்ல மூணு நொடிக்கு மேல நின்னாலும் அப்படித்தான். பேஸ்மேக்கர் வச்சு, வால்வையும் சேர்த்தே மாத்திடலாம்” என்றார். நான் தலையாட்டினேன்.

தினமும் பார்த்தேன். அதில் ஒரு நாள்கூடத் தவறவில்லை. கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்குவதெல்லாம் எனக்குப் பிடிக்காது. முழு நிமிடம் எண்ணுவேன். காலையில் அவள் பல் விளக்கிவிட்டு வந்து சாப்பாட்டு மேஜையில் கையை நீட்டுவாள். ஐம்பத்திரண்டு. நாற்பத்தேழு. நாற்பத்துநாலு. “நாற்பத்துநாலுன்னா டாக்டர் மாத்திரைய நிறுத்திடுவாரு” என்று அவளிடம் சொல்ல முடியுமா. அறுபத்திரண்டு என்று மட்டும் சொல்வேன். “நேத்தும் அறுபத்துரெண்டு. நான் எவ்வளவு ஒழுங்கான பொண்ணு பாத்தியா” என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்புவாள். அந்த ஒரு நிமிடம் அவள் பேசாமல் இருப்பாள் சார். மணிக்கட்டு என் விரலுக்குள் இருக்கும். நாள் முழுக்க எனக்கு அது போதும்.

ரெக்கார்டரில் முதல் தடவை மூன்றரை நொடி நின்றிருந்தது. காலை பதினொன்றரைக்கு, கவுண்டரில். மூன்று கோடும் ஒன்றாக அமைதி. நான் வயர் கழன்றது என்று குறித்தேன். அவளிடமும் அப்படியே சொன்னேன், “நீ நெளிஞ்சுக்கிட்டே இருக்கே, வயர் கழண்டு கழண்டு போகுது, எனக்கு எவ்வளவு வேலை தெரியுமா”. அவள் உண்மையாகவே வருத்தப்பட்டாள். “சாரிக்கா, அடுத்த தடவ அசையாம இருக்கேன்” என்றாள். அடுத்த தடவை நாலு நொடி, ஆறு இடத்தில். அதற்கடுத்த தடவை அவள் கவுண்டரிலேயே விழுந்து, தொலைந்துபோன குடைகள் இருக்கும் கூடையில் நெற்றி இடித்துக்கொண்டு வந்தாள். “தொலஞ்ச பொருள் வரிசைல என்னையும் சேத்துட்டாங்க” என்று சிரித்தாள். காலையில் சாப்பிடாமல் போனதால் வந்த மயக்கம் என்று சொன்னேன். அதிலிருந்து காலையில் இரண்டு துண்டு ரொட்டி கூடுதலாக வைத்தேன்.

கண்ணாடிக்காரர் ஒரு நாள் கிளினிக்குக்கே வந்தார். டோக்கன் எடுத்துக்கொண்டு, வரிசையில் உட்கார்ந்து, முறை வந்ததும் உள்ளே வந்தார். “அக்கா, தப்பா நினைக்காதீங்க. அவளுக்கு ரெண்டு படி ஏறினா மூச்சு வாங்குது. உதடு வெளுத்துப்போகுது. வேற டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டலாமா” என்றார். நான் அவளுடைய ஃபைலை எடுத்து ஒவ்வொரு தாளாகக் காட்டினேன். எல்லாத் தாளிலும் டாக்டர் கையெழுத்து. அவர் எண்களை விரல் வைத்துப் படித்தார். கண்ணாடி வெட்டுகிறவர் இல்லையா, மில்லிமீட்டர் என்றால் அவருக்கு மரியாதை. “நாற்பத்தெட்டுதானே இருக்கு” என்றார். “ஆமா, ரெண்டு குறைச்சல்” என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனார்.

போன மாதம் அவள் எனக்கு ஒரு அதிர்ச்சி கொடுத்தாள். ஆபரேஷன் எப்போது வருகிறதோ அப்போது வரட்டும், நாங்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போகிறோம் என்றாள். அவருடைய ஊரில் வீடு பார்த்தாகிவிட்டது. கடைத்தெருவில் இருந்து அட்டைப்பெட்டிகள் வாங்கி வந்து கூடத்தில் அடுக்கினாள். “அங்க பெரிய ஆஸ்பத்திரி இருக்குக்கா. புது டாக்டர் மறுபடி எல்லாம் முதல்லேர்ந்து எடுப்பாராம். உனக்கும் ரெஸ்ட்டு. நாலு மணி நேரம்தானே பஸ்ஸு, மாசம் ரெண்டு தடவ வந்து உன் உயிர வாங்கறேன்” என்றாள். கட்டிப்பிடித்து என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். எனக்குப் புது ஆள் எடுத்தால் எண்ணைத் தப்பாக எடுத்துவிடுவான் என்ற பயம்தான். அவரவர் கைக்கு ஒரு அளவு வரும், சார். வித்தியாசம் இருக்கும்.

கிளம்புவதற்கு நாலு நாள் முன்பு கடைசியாக ஒரு தடவை ரெக்கார்டர் மாட்டிவிடுகிறேன், புது டாக்டருக்குக் கொடுத்தனுப்பலாம் என்றேன். செவ்வாய்க்கிழமை. காலை எட்டரைக்கு வீட்டிலேயே ஒட்டினேன். அதற்கு முன்னால் நாடி பார்த்தேன், முழு நிமிடம். முப்பத்தெட்டு. அறுபத்திரண்டு என்றேன்.

அன்றைக்கு மட்டும் மாத்திரை இரண்டு கொடுத்தேன். புது ஊர், புது வீடு, கல்யாணம் என்று அவளுக்குப் படபடப்பாக இருந்தது. “ரெண்டா” என்று கேட்டாள். “பயணம் இருக்குல்ல” என்றேன். வாயில் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்தாள். நான் வேலைக்குப் போய்விட்டேன். அன்றைக்கு எனக்கு ஒன்பது ஸ்கேன். ஒன்றிலும் தப்பு வரவில்லை, பார்த்துக்கொள்ளலாம்.

நாலேகாலுக்குக் கண்ணாடிக்காரர் போன் செய்தார். வீட்டுக்கு வந்து அவளைப் பார்த்திருக்கிறார். நான் போனபோது ஆம்புலன்ஸ்காரர்கள், உயிர் போய் ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். பாதி கட்டின பெட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ரெக்கார்டர் இடுப்பில் பச்சை விளக்கோடு ஓடிக்கொண்டிருந்தது. நான் அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு வயர்களைக் கழற்ற உட்கார்ந்தேன்.

கழற்ற முடியவில்லை. நான் ஒட்டியிருந்த பிளாஸ்திரிக்கு மேலே, பெட்டி ஒட்டுகிற பழுப்பு டேப்பை அவள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருந்தாள். ஐந்து இடத்திலும். அந்த டேப் எவ்வளவு பக்குவமாக உரித்தாலும் தோலோடு வருகிறது சார். ஐந்தையும் உரித்தேன். அவளும் முகம் சுளிக்கவில்லை.

தாளையும் எடுத்துக்கொண்டேன். அது உங்கள் மேஜையில் இருக்கிறது, இருந்தாலும் எனக்கு மனப்பாடம். “9.40 பெட்டி கட்டறேன். வயர் சரியா இருக்கு, பாத்துட்டேன். 11.15 தலை சுத்தல், உக்காந்தேன். வயர் சரி. 1.30 சாப்பிட்டேன். டேப் போட்டு நல்லா ஒட்டிட்டேன், இனிமே அது எங்கயும் போகாது. 2.40 கண்ணு இருட்டுது. வயர் சரி. 3.05 திரும்ப இருட்டுது. எல்லா வயரும் சரி. அக்கா, இந்தத் தடவ நான் அசையவே இல்ல.”

மறுநாள் காலை கிளினிக்கைத் திறந்து, பதிவைக் கம்ப்யூட்டரில் போட்டு, சுத்தம் பண்ணினேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. வந்த பதிவை அப்படியே போட்டு வைத்து எனக்குப் பழக்கமில்லை. பதினொன்றே காலில் ஐந்து நொடி. இரண்டு நாற்பதில் ஏழு. மூன்று ஐந்தில் ஒன்பது. மூன்று பன்னிரண்டுக்கு மூன்று கோடும் ஒன்றாக நின்றன. அப்புறம் நான் வந்து கழற்றும்வரை அப்படியே போயிருந்தன. ஒரு கிறுக்கல் இல்லை. என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமான பதிவைப் பார்த்ததில்லை.

டாக்டர் இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடவில்லை. தாளைப் பதிவுக்குப் பக்கத்தில் வைத்து, நேரம் நேரமாகப் பார்த்துவிட்டு, நாலு வருட ஸ்கேனையும் எடுத்துப் போட்டு அவரே அளந்தார். பிறகு உங்களுக்குப் போன் செய்தார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் போட்ட எண்கள் எது, மெஷின் சொன்ன எண்கள் எது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு மாத்திரையையும் சொல்லிவிட்டேன். செய்தது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

ஒன்றே ஒன்றைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அவள் இறந்துவிட்டாள் என்று தெரிந்த பிறகும், மூன்று பன்னிரண்டுக்கு நேராக ‘வயர் கழன்றது’ என்று ஏன் குறித்தேன் என்று. வேறு என்ன சார் குறிப்பது. சின்ன வயதிலிருந்தே நான் பார்க்கிறேன், அவளுக்கு ஒரு இடத்தில் அசையாமல் இருக்க வராது.